எறும்புக் கையெழுத்து

அத்தியாயம் 5

மாடிப்படியில் ஆள் ஏறி வரும் சத்தம் கேட்டதும் சவடால் மேஜை மேல் போட்டிருந்த காலைக் கீழே இறக்கினான். காலை மணி பதினொன்று. அந்தத் துப்பறியும் நிலையத்தில் அன்றைக்கு அதுவரை நடந்த ஒரே விசாரணை, முந்தின நாள் வாங்கிய பிஸ்கட் பாக்கெட் எங்கே போயிற்று என்பதுதான். அதற்கும் குற்றவாளி அவனே.

இரண்டு மாடி ஏற ஒரு மனுஷனுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? வந்தவருக்கு நாலு நிமிஷம் பிடித்தது. முதல் திருப்பத்தில் நின்று, சுவரில் ஒட்டியிருந்த தண்ணீர் வரி அறிவிப்பை வாய்விட்டுப் படித்தார். இரண்டாவது திருப்பத்தில் நின்று எலக்ட்ரிக் மீட்டரை ஆராய்ந்தார். இவரே துப்பறிந்துகொண்டு வருகிறார், நமக்கு வேலை மிச்சம் என்றான் சவடால். அண்ணி சிரிக்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி என்றால் சவடாலின் சொந்த அண்ணன் பெண்டாட்டி. ஊரார் அவளுக்கு வைத்த பெயர் துருவி. இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருஷம் கிளைம் காகிதங்களைத் துருவிக்கொண்டிருந்தவள். "அங்க பொய்யைக் கண்டுபிடிச்சா சம்பளம், உண்மையைக் கண்டுபிடிச்சா மெமோ" என்று ஒரு நாள் எழுந்து வந்து, சொந்தமாக போர்டு மாட்டிவிட்டாள். சவடால் அதற்கு முன் டிரைவிங் ஸ்கூலில் வாத்தியார். ஓட்டுகிறவர்களை ரோட்டைப் பார்க்க விடாமல் அவன் பேசிய பேச்சில் மூன்று கார்கள் மரத்தில் முட்டின. அதற்குப் பிறகு அண்ணன் கெஞ்சி, அண்ணி சேர்த்துக்கொண்டாள்.

உள்ளே வந்தவருக்கு ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று வயது இருக்கும். வலது கண்ணைச் சுற்றி வளையல் வைத்து அழுத்தியதுபோல் வட்டமாக ஒரு தடம். உட்கார்ந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். அண்ணி அவர் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, கடிகாரம் ரிப்பேர் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று விசாரித்தாள். அவர் அசந்து போய், எப்படித் தெரியும் என்றார். கண்ணில் லென்ஸ் செருகிச் செருகி விழுந்த தடம், இதில் என்ன அதிசயம் என்றாள்.

கடிகாரக்காரர் விஷயத்துக்கு வந்தார். குடும்பத்துக்கு ஒரு மருத்துவ இன்சூரன்ஸ் எடுக்க நினைத்திருக்கிறார். பெரிய குடும்பமெல்லாம் இல்லை, அவரும் மனைவியும்தான். அந்தக் கம்பெனியில் மூன்று பிளான். சிக்கனம், நடுத்தரம், முழுமை. கடிகாரக்காரர் இரண்டு தடவை யோசிக்காமல் சிக்கனத்தில் டிக் அடித்தார். வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம். பாரத்தை எழுதி, கையெழுத்துப் போட்டு, மச்சினனிடம் கொடுக்கச் சொல்லி மனைவியிடம் தந்தார். மனைவியின் தம்பிதான் ஏஜெண்ட். வீட்டிலேயே ஏஜெண்ட் இருக்க வெளியில் ஏன் போக வேண்டும்?

பதினைந்து நாளைக்கு முன்னால் பாலிசி வந்தது. முழுமை பிளான். பிரீமியம் இருபத்து மூன்றாயிரம்.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்றான் சவடால். கடிகாரக்காரருக்கு அவனை உடனே பிடித்துப் போயிற்று.

கம்பெனியில் போய்க் கேட்டதற்கு, நீங்கள் எழுதியபடிதானே கொடுத்தோம் என்று பாரத்தின் முதல் பக்கத்துக்குக் கலர் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அதை எடுத்து மேஜையில் வைத்தார். சிக்கனம் என்ற இடத்தில் டிக் அடிபட்டு, முழுமைக்குப் போயிருந்தது. ஆஸ்பத்திரிச் செலவில் நம் பங்கு எவ்வளவு என்ற கட்டத்திலும் ஓர் அடித்தல். இரண்டு அடித்தலுக்குப் பக்கத்திலும் கையெழுத்து.

"இது என் கையெழுத்தே இல்ல, மேடம். என் கையெழுத்து கீழ இருக்கு பாருங்க, கட்டத்தைத் தாண்டிப் போகும். இது எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு. இவ்வளவு சின்னதா எந்த மனுஷன் கையெழுத்துப் போடுவான்?"

அவர் சொன்னது சரிதான். அடியில் இருந்த கையெழுத்து ஆனை படுத்த மாதிரி இருந்தது. அடித்தலுக்குப் பக்கத்தில் இருந்தது கடுகளவு. ஆனால் சுழிப்பு, வளைவு, கடைசிப் புள்ளி எல்லாம் அச்சு அசல். ஒரே ஆனையைத் தூரத்தில் நிறுத்திப் பார்த்ததுபோல் இருந்தது.

மச்சினன் கமிஷனுக்கு ஆசைப்பட்டுச் செய்த வேலை இது என்றார் கடிகாரக்காரர். பத்து நாளாக அவனோடு பேச்சுவார்த்தை இல்லை. பாலிசி வேண்டாம் என்றால் பதினைந்து நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம், இன்றைக்குத்தான் கடைசி நாள், ஐந்து மணிக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள். ரத்து செய்யும் கடிதம் சட்டைப் பையில் தயாராக இருந்தது. அதோடு சேர்த்து மச்சினன் மேல் ஒரு புகாரும் கொடுக்கப் போகிறார். ஏஜெண்ட் லைசென்ஸ் போனால்தான் புத்தி வரும். அதற்குத்தான் ஆதாரம் வேண்டும்.

"வீட்டம்மா என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள் அண்ணி.

அவள் எதுவும் சொல்லவில்லை, அவளுக்கு எந்நேரமும் காகிதத்துக்குள் தலை, என்றார் அவர். பாலிசிப் புத்தகம் எங்கே என்றதற்கு, அது ஐம்பது பக்கம், வீட்டில் அலமாரியில் கிடக்கிறது, அதையெல்லாம் எவன் படிப்பான் என்று சொல்லிவிட்டு எழுந்தார். இறங்கும்போது எங்கும் நிற்கவில்லை.

* * *

மச்சினனின் ஆபீஸ் ஒரு ஜெராக்ஸ் கடையின் பாதி. நடுவில் பிளைவுட் தடுப்பு. அந்தப் பக்கம் மெஷின் வெளிச்சம் போய் வரும்போதெல்லாம் இந்தப் பக்கம் அவன் முகம் பச்சையாகித் தெளிந்தது. முப்பது வயசு ஆள், வெள்ளைச் சட்டை, டை. வந்தவர்கள் யார் என்று தெரிந்ததும் டையைத் தளர்த்திக்கொண்டான்.

சவடால் பெரிதாக எதிர்பார்த்து வந்தான். மறுப்பான், கத்துவான், வக்கீலைக் கூப்பிடுவான் என்றெல்லாம். அவனோ நாற்காலியில் சரியாக உட்காருவதற்கு முன்பே ஒப்புக்கொண்டுவிட்டான்.

"நான்தான் மாத்தினேன். மாமாகிட்ட அப்படியே சொல்லிடுங்க. புகார் கொடுத்தாலும் பரவாயில்ல."

கேஸ் பதினைந்தே நிமிஷத்தில் முடிந்த சந்தோஷத்தில் சவடால் எழுந்தே விட்டான். அண்ணி அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு மச்சினனிடம் அன்பாக, சாப்பிட்டாயா என்பதுபோல், எந்தக் கலர் பேனாவால் அடித்தாய் என்று கேட்டாள். நீலம் என்றான். எத்தனை இடத்தில்? ஒரு இடத்தில். மாமா கையெழுத்தை எப்படிப் போட்டாய்? பார்த்துத்தான் போட்டேன், கீழே அவர் போட்டிருந்தாரே, அதே அளவில்.

அடித்தல் கறுப்பு மையில் இருந்தது. இரண்டு இடத்தில். கையெழுத்து கடுகளவு.

"தம்பி, நான் பதினெட்டு வருஷம் பொய் கேட்டு வயித்தைக் கழுவினவ. செய்யலைன்னு சொல்ற பொய் ஆயிரம் கேட்டிருக்கேன். செஞ்சேன்னு சொல்ற பொய் உன்னோட சேத்து ரெண்டு. யாரைக் காப்பாத்துற?"

மச்சினன் கொஞ்ச நேரம் மேஜைக் கண்ணாடியைத் துடைத்தான். அதில் துடைக்க ஒன்றுமில்லை. பிறகு மெள்ளச் சொன்னான். அக்கா பாரத்தை ஒட்டிய கவரில் கொடுத்தாள். கவரைப் பிரிக்காமல் அப்படியே கம்பெனியில் சேர்த்துவிடு, பிரீமியம் கூட வந்தால் மாமாவுக்கு முன்கூட்டிச் சொல்லாதே, மிச்சத்தை நான் என் பணத்திலிருந்து தருகிறேன் என்றாள். அக்கா இன்றுவரை அவனிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. ஏன் என்று கேட்கப் போனால் கண் கலங்கிவிட்டது.

"சும்மா இருக்கறவங்க யாரும் ரெண்டு மடங்கு கட்டி முழுமை எடுக்க மாட்டாங்க, மேடம். தொழில்ல நான் பாத்திருக்கேன். உடம்புல ஏதோ இருந்து, அதை வீட்டுல சொல்ல முடியாதவங்கதான் இப்படி எடுப்பாங்க. அக்காவுக்கு என்னமோ இருக்கு. என் லைசென்ஸ் போனா போகட்டும்" என்று சொல்லி டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

வெளியே வந்து ஸ்கூட்டரைத் தள்ளும்வரை சவடாலும் வாயைத் திறக்கவில்லை. அது அவன் வாழ்க்கையில் அபூர்வம். அப்புறம், பாவம் அந்த அம்மா, என்ன வியாதியோ, இதைப் போய் அந்தக் கஞ்ச மனுஷனிடம் எப்படிச் சொல்லுவது என்று புலம்ப ஆரம்பித்தான். அண்ணி அதைக் காதில் வாங்காமல் அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னாள். நன்றாகத்தானே ஓடுகிறது என்றான். ஓடாமல் செய்து, கடிகாரக் கடையில் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு ரசீதோடு வா என்றாள். தான் போய் நின்றால் அவர் விசாரணை பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார், வேலையை நிறுத்திவிடுவார், அது ஆகாது என்றாள்.

* * *

சவடால் திரும்பி வரும்போது மணி ஒன்றே முக்கால். இரண்டு பன் வாங்கி, ஒன்றை வழியிலேயே தின்றுவிட்டு வந்தான்.

கடையில் ஆறடிக்கு நாலடி இடம், அதில் ஒரு மேஜை, மேஜைக்கு மேல் குனிந்த ஒரு தலை, அவ்வளவுதான் என்றான். கடிகாரக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கண்ணில் லென்ஸ், கையில் இடுக்கி. நாளைக்கு வாங்க என்று ரசீதைக் கிழித்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். யாருக்குக் கொடுக்கிறார் என்றே அவருக்குத் தெரியாது.

"அண்ணி, கையெழுத்தைத் தேடிக் கண்டுபிடிக்கவே எனக்கு ரெண்டு நிமிஷம் ஆச்சு. பேனாவைத் தட்டிப் பாத்த மை கறைன்னு நினைச்சுட்டேன்."

அண்ணி ரசீதை வாங்கிப் பாரத்தின் நகலுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு எறும்பும் ஒரு வயிற்றில் பிறந்தவை. லென்ஸை மாட்டிக்கொண்டு எழுதுகிறவருக்குக் கடுகே பூசணிக்காய் அளவு தெரியும். அதனால்தான் கை தானாகச் சின்னதாகப் போடுகிறது என்றாள். கையெழுத்து போலி இல்லை. அவரே போட்டதுதான். வேலை மும்முரத்தில், படிக்காமல், மேஜையில் யாரோ நீட்டிய காகிதத்தில் போட்டிருக்கிறார்.

"அந்த ஆளு வேலை செய்யும்போது பக்கத்துல போறது யாரு?"

"நான் நிக்கும்போதே வீட்டம்மா சாப்பாடு கொண்டு வந்தாங்க. அவர் லென்ஸைக் கழட்டாமலே சாப்பிட்டார். அந்தம்மா ஏதோ பில்லை நீட்டினாங்க, அதுலயும் ஒரு எறும்பை விட்டார்" என்றான் சவடால். சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

அண்ணி இன்னொன்றும் காட்டினாள். சாதாரண மனுஷன் தப்பாக எழுதிவிட்டால் கிறுக்கு கிறுக்கென்று கிறுக்கி அழிப்பான். இங்கே ஒரே ஒரு கோடு, நேராக. கோட்டுக்கு நேரே ஓரத்தில் வாலோடு ஒரு சுழி. இதைப் 'புரூஃப்' திருத்துகிறவர்கள், அதாவது அச்சுக்கு முன் பிழை பார்க்கிறவர்கள், போடுவார்கள், அச்சுக் கோப்பவருக்கு இதை எடுத்துவிடு என்று சொல்லும் குறி.

"எந்நேரமும் காகிதத்துக்குள் தலைன்னு சொன்னாரே, மனுஷன் நமக்கு முகவரியையே கொடுத்துட்டுப் போயிருக்கார்" என்றாள் அண்ணி, இரண்டாவது பன்னை எடுத்துக்கொண்டு.

* * *

கடிகாரக்காரரின் வீட்டில் சாப்பாட்டு மேஜை முழுக்க நீள நீளமான தாள்கள். பள்ளிக்கூட அறிவியல் புத்தகம் ஒன்றின் புரூஃப். ஓரமெல்லாம் சுழிகள். கதவைத் திறந்த அம்மா ஒல்லியாக, சுறுசுறுப்பாக இருந்தாள். வந்தவர்கள் யாரென்று தெரிந்ததும், அவர்தான் அனுப்பினாரா என்று மட்டும் கேட்டாள்.

அண்ணி பாரத்தின் நகலைப் புரூஃப் தாள்களுக்கு நடுவில் வைத்தாள். சுழி அழகாக வந்திருக்கிறது என்றாள். அந்த அம்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள்.

சவடாலுக்கு இளகிய மனசு. அவன் குரலைத் தாழ்த்தி, உடம்பு இப்போது எப்படி இருக்கிறது, டாக்டர் என்ன சொன்னார், கவலைப்படாதீர்கள், இந்தக் காலத்தில் குணமாகாத வியாதியே இல்லை என்று ஆறுதல் சொன்னான்.

"எனக்கா? எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்றாள் அந்த அம்மா.

எழுந்து போய் அலமாரியிலிருந்து பாலிசிப் புத்தகத்தை எடுத்து வந்தாள். பின்பக்கத்தில் அவர்கள் எழுதிக் கொடுத்த பாரம் முழுவதும் நகலாகச் சேர்க்கப்பட்டிருந்தது. முப்பத்தோராம் பக்கத்தைத் திறந்து வைத்தாள். 'ஏற்கெனவே ஏதேனும் நோய் உண்டா?' என்ற கேள்விக்குக் கீழே இரண்டு கட்டங்கள். மனைவி என்ற கட்டத்தில் 'இல்லை'. கணவர் என்ற கட்டத்திலும் முதலில் 'இல்லை' என்றுதான் இருந்தது. அது அடிபட்டு, ஓரத்தில் சுழி விழுந்து, பக்கத்தில் 'ஆம்'. அதற்குப் பக்கத்தில் மூன்றாவது எறும்பு.

சவடால் வாயைத் திறந்து, திறந்தபடியே வைத்திருந்தான். அண்ணி மட்டும் தலையை ஆட்டினாள். இரண்டு மாடி ஏற நாலு நிமிஷம் எடுத்துக்கொண்ட ஆளுக்குத் தண்ணீர் வரியில் அவ்வளவு அக்கறை இருக்கும் என்று தான் நம்பவே இல்லை என்றாள்.

அந்த அம்மா எல்லாவற்றையும் கொட்டினாள். துவைக்கப் போட்ட சட்டைப் பையில் பாதி கரைந்த ஒரு டாக்டர் சீட்டு. அதை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனால், "சார் மாசாமாசம் வாங்குற நெஞ்சுவலி மாத்திரைதானே" என்று கடைக்காரர் சாதாரணமாகக் கேட்கிறார். ஏழு மாசமாக வாங்குகிறாராம். கடையில் வைத்துச் சாப்பிடுகிறார். வீட்டில் மூச்சு விடவில்லை. அப்புறம் ஒரு நாள் இன்சூரன்ஸ் பாரம் எழுதினார். அதைத் தம்பியிடம் கொடுக்கச் சொல்லித் தந்தபோது, தொழில் பழக்கத்தில் ஒரு தடவை படித்துப் பார்த்தாள். நோய் இல்லை என்று டிக்.

"பன்னெண்டாயிரம்னு ஒரு நம்பரைப் பாத்தார், அதோட நிறுத்திட்டார். நான் மூணு பிளானையும் விரிச்சு வச்சு வரி வரியாப் படிச்சேன். சிக்கனத்துல முதல் ஒரு லட்சம் நம்ம கைக்காசு. அதுக்கு மேல அஞ்சுல ஒரு பங்கு நம்மது. நோய் இருக்குன்னு சொன்னாலும் மூணு வருஷம் காத்திருக்கணும். முழுமைக்குப் பத்தொன்பது. நோயைச் சொன்னதுக்கு நாலு ஏத்தினாங்க. ஆனா நம்ம பங்கு வெறும் பத்தாயிரம், முப்பத்தோராம் நாள்லேர்ந்து நெஞ்சு வலிக்கும் சேத்துத் தருவாங்க."

அண்ணி மனசுக்குள் கணக்குப் போட்டுச் சவடாலுக்குச் சொன்னாள். நாலு லட்சத்தில் ஒரு ஆபரேஷன் என்று வைத்துக்கொள். சிக்கனத்தில் காத்திருப்பெல்லாம் முடிந்த பிறகும் ஒரு லட்சம், மிச்சம் மூன்றில் அறுபதாயிரம், ஆக ஒன்று அறுபது இவர்கள் தலையில். வருஷத்துக்குப் பதினோராயிரம் மிச்சம் பிடிக்கிறவர் பதினாலு வருஷம் பிடித்தாலும் அதை ஈடுகட்ட முடியாது. அதுவும் உண்மையைச் சொல்லியிருந்தால். இல்லை என்று டிக் அடித்துவிட்டு மாத்திரை வாங்கினவருக்கு ஒரு காசு வராது. கட்டின பன்னிரண்டாயிரமும் போச்சு, நாலு லட்சமும் போச்சு.

"அவரே பொய் எழுதி, அவரே கையெழுத்துப் போட்டு அதை மாத்தி, அவரே நம்மளை வச்சுத் தேடுறார்" என்றான் சவடால்.

இதை அவரிடமே கேட்டிருக்கலாமே என்றாள் அண்ணி. அந்த அம்மா தலையை ஆட்டினாள். கேட்டால் ஒண்ணுமில்லை என்பார். நான் பயந்துவிடுவேன் என்று அவருக்குப் பயம். பார், நல்லாத்தான் இருக்கேன் என்று காட்டுவதற்காக மாத்திரையையும் நிறுத்திவிடுவார். இருபத்தாறு வருஷமாக அந்த மனுஷனைத் தெரியும். அதனால்தான் அந்த முப்பத்தோராம் நாள் வரட்டும், எப்படியாவது இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று காத்திருக்கிறாள். இன்னும் பதினாறு நாள். தம்பி மேல் பழி விழுந்தது அவளுக்குத் தாங்கவில்லை, ஆனால் வாய் திறந்தால் எல்லாம் கெட்டுவிடும்.

"அதுவரைக்கும் நெஞ்சு காலண்டர் பாத்துக்கிட்டு இருக்குமா?" என்றாள் அண்ணி. குரலில் கோபம் இருந்தது. "ஆபரேஷனுக்குத்தான் முப்பத்தோராம் நாள் வேணும். டாக்டரைப் பாக்க இன்னிக்கே போலாம். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுக்கிட்டு இருக்கீங்க."

அந்த அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்குத் தெரியும் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினாள். அண்ணி சத்தியம் எதுவும் செய்யவில்லை. பாலிசிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

* * *

அவர்கள் கடைக்குப் போய்ச் சேர மணி நாலேகால். வழியெல்லாம் சவடால் ஒரே கேள்வியைத்தான் கேட்டான். சொல்லாவிட்டால் அவர் பாலிசியை ரத்து செய்வார், மச்சினன் பிழைப்பும் போகும். சொன்னால் அந்த அம்மா நம்பி ஒப்படைத்த ரகசியம் போகும். என்ன செய்யப் போகிறீர்கள்? நான் எதையும் சொல்லப் போவதில்லை, படிக்கக் கொடுக்கப் போகிறேன் என்றாள் அண்ணி.

கடிகாரக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கையில் கடிதத்தோடு தயாராக நின்றார். அவர்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது. ஆதாரம் கிடைத்ததா, அவன்தானே என்றார்.

"அவர் இல்ல. கையெழுத்து போட்டது நீங்கதான்" என்றாள் அண்ணி. அவர் கோபப்படுவதற்கு முன்பே ரிப்பேர் ரசீதையும் நகலையும் மேஜையில் சேர்த்து வைத்தாள்.

அவர் குனிந்து பார்த்தார். பழக்க தோஷம், லென்ஸை எடுத்துக் கண்ணில் செருகிக்கொண்டு பார்த்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். முதலில் சிரிப்பு வந்தது அவருக்கு. அட, நான்தானா, என்ன கூத்து இது, இப்படி ஒரு மடையனா நான் என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே, அப்போது கடையில் வந்து காகிதத்தை நீட்டியது யார் என்று யோசித்திருக்க வேண்டும். சிரிப்பு பாதியில் நின்றது.

"அவ எதுக்கு?" என்றார்.

அண்ணி புத்தகத்தை முப்பத்தோராம் பக்கத்தில் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

அவருக்கு அந்தப் பக்கத்தைத் தெரியும். "இதுல நான் இல்லைன்னுதானே போட்டேன்" என்று வாய் தவறி வந்துவிட்டது. வந்த பிறகு அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். அண்ணி விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினாள்.

'ஆம்' என்பதற்குக் கீழே, 'விவரம்' என்று நாலு கோடு போட்ட ஒரு சின்னப் பெட்டி. புரூஃப் திருத்தும் கை அதில் எழுதியிருந்தது. இடம் போதாமல் பொடிப்பொடியாக எழுதியிருந்தது. கடிகாரக்காரர் லென்ஸோடு குனிந்தார். ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குப் பத்து மடங்கு பெரிதாகத் தெரிந்திருக்கும்.

'நெஞ்சு வலி. ஏழு மாதமாக. மாடி ஏறினால் அதிகம். தினம் ஒரு மாத்திரை, கடையில் வைத்துச் சாப்பிடுகிறார். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் நான் பயப்படுவேன் என்று நினைக்கிறார். பயமாகத்தான் இருக்கிறது.'

அவர் ரொம்ப நேரம் நிமிரவில்லை. நாலு வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. திரும்பத் திரும்பப் படித்தார் போலிருக்கிறது. சவடால் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிற சாக்கில் திரும்பிக்கொண்டான். நாலே முக்கால். இப்போது கிளம்பினால்தான் கவுண்டருக்குப் போய்ச் சேரலாம். ஏற்றுக்கொண்ட வேலைக்கு விசுவாசமாக அதைச் சொல்லித்தானே ஆக வேண்டும், சொன்னான்.

"சார், அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க."

"மூடட்டும்" என்றார் அவர்.

லென்ஸைக் கழற்றினார். உள்பக்கம் ஈரமாகியிருந்தது. அதைத் துணியில் துடைத்துக் கீழே வைத்தார். கடிதத்தை நாலாக, எட்டாக மடித்து, மச்சினன் நம்பர் உங்களிடம் இருக்கிறதா என்று சவடாலைக் கேட்டார். நாளைக்கு அவன் வீட்டுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்றார். அப்புறம் போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார்.

அந்தப் பக்கம் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். என்னங்க, என்ன ஆச்சு என்று கேட்ட குரல் கடைக்குள் எல்லாருக்கும் கேட்டது.

"ஒண்ணுமில்ல" என்றார் கடிகாரக்காரர்.

சொல்லிவிட்டு மேஜையில் திறந்திருந்த பக்கத்தை மறுபடி பார்த்தார். அண்ணி சவடாலின் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள். ஷட்டருக்கு அடியில் குனிந்து அவர்கள் தெருவுக்கு வந்தபோது உள்ளே அவர் மறுபடி பேசுவது கேட்டது.

"இல்ல. இருக்கு. நெஞ்சு வலிக்குது. எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீ கிளம்பி வா."